அம்மனுக்குப் போன செண்டுமல்லி

நீ சௌக்கியமா என்று விசாரித்து இந்தக் கடிதத்தைத் தொடங்க வேண்டிய அவசியம் இல்லை. உன் சித்தப்பா என் போனுக்கு அனுப்பிய படத்தில் நீ நன்றாகவே இருக்கிறாய். கோட்டு போட்டிருக்கிறாய். ஏதோ கருத்தரங்க மேடையில், ஒரு பெரிய திரைக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு, கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளை நிற்பது மாதிரி நிற்கிறாய். திரையில் ஒரு குட்டியானை வண்டி. வண்டி கொள்ளாத செண்டுமல்லி. முன்கண்ணாடியில் வேப்பிலைக் கொத்து. அதற்குக் கீழே கொட்டை எழுத்தில், 'விஷத்திலிருந்து வழிபாட்டுக்கு'. படத்தோடு உன் சித்தப்பா ஒரு வரியும் எழுதியிருந்தார்: "அண்ணி, நம்ம புள்ள நம்ம மண்ண எங்க கொண்டு போய் நிறுத்திட்டான் பாத்தீங்களா?" பார்த்தேன். பார்த்துவிட்டு அடுப்பை அணைத்தேன். அதற்குமேல் எதைச் சமைத்தாலும் உப்பு சரியாக விழாது.

ஞாயிற்றுக்கிழமை நீ பத்திரத்தோடு வருகிறாயாம். நிலத்தை ஒரு கீரைக் கம்பெனிக்குக் குத்தகைக்கு விடப் போகிறோமாம். நிலம் என் பேரில் இருப்பதால் என் கையெழுத்து வேண்டுமாம். நேரில் பேசினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நீ "அம்மா, உனக்கு இது புரியாது" என்பாய். உன் அப்பா செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொள்வார். சித்தப்பா காபி கேட்பார். பேச்சு முடிந்துவிடும். அதனால் எழுதுகிறேன். ஊர் பார்க்கவே எழுதுகிறேன். அந்தப் படத்தை நீ ஊர் பார்க்கத்தானே காட்டினாய்?

நிலத்தின் கதை உனக்குத் தெரியும், படிக்கிறவர்களுக்குத் தெரியாது. காட்டூரைத் தாண்டி, தஞ்சாவூர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் வருகிற அந்தத் துண்டு என் அப்பா கல்யாணத்தின்போது என் பேருக்கு எழுதிக் கொடுத்தது. நான் ஸ்ரீரங்கத்தில் குடித்தனம் செய்துகொண்டு அங்கே போய் என்ன பயிர் வைப்பது என்று அதை ஒரு முலாம் பட்டறைக்காரருக்கு வாடகைக்கு விட்டார்கள். உன் அப்பா காகிதத்தை நீட்டினார், நான் கையெழுத்துப் போட்டேன். படித்துப் பார்க்கவில்லை. பெரிய ஆலைகளுக்குப் போகிற உதிரிப் பாகங்களுக்கு நிக்கலும் குரோமியமும் பூசுகிற பட்டறை அது. பளபளப்பு ஆலைக்குப் போயிற்று, கழுவின தண்ணீர் என் நிலத்துக்கு வந்தது. மகா பக்திமான் அந்த மனிதர். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை பொரியும் கடலையும் வீடு தேடி வரும். பூசணிக்காய்க்குள் குங்குமம் வைத்து வாசலில் உடைப்பார், திருஷ்டி போக. திருஷ்டி போயிருக்கலாம். குரோமியம் போகவில்லை. ஒரு நாள் பட்டறையைக் காலி செய்துகொண்டு, எனக்கு ஒரு கும்பிடும், கொட்டகையும், மஞ்சள் பாரித்த மண்ணும் விட்டுவிட்டுப் போனார். மழை பெய்து நின்றால் அந்த மண்ணில் தேங்குகிற தண்ணீரை ஆடுகூட மோந்துவிட்டு விலகிப் போகும். மனிதர்கள்தான் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்.

முதல் யோசனை உன் சித்தப்பாவுடையது. "மேல ஒரு அடி செம்மண்ணக் கொட்டி மூடுங்க அண்ணி. கல்ல நட்டு பிளாட் போட்டுரலாம். அடியில என்ன கெடக்குன்னு எவன் தோண்டிப் பாக்கப் போறான்?" தோண்டுவான் தம்பி, கிணறு தோண்டுவான், அந்தத் தண்ணீரில் பிள்ளைக்குப் பால் கரைப்பான் என்றேன். "நீங்க எப்பவும் அபசகுனமாத்தான் பேசுவீங்க" என்றார். நம் ஜனங்களின் சுத்தம் இவ்வளவுதான். விடியற்காலையில் எழுந்து வாசலைக் கூட்டுவார்கள், குப்பையை எதிர்வீட்டு வாசல் வரைக்கும் தள்ளுவார்கள், தள்ளிவிட்டு அழகாகக் கோலமும் போடுவார்கள். மூன்றும் ஒரே கை.

பிறகு நீ வந்தாய். வேர் உட்பூசணம் என்று அச்சடித்த மூட்டைகளோடு வந்தாய். பிரித்துப் பார்த்தால் வெறும் பொடிமணல் மாதிரி இருந்தது. அடுப்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, தேங்காய்ச் சில்லைத் தின்றுகொண்டே எனக்குப் பாடம் எடுத்தாய். "இது வேருக்குள்ள போய்க் குடியிருக்கும்மா. உள்ள இருந்துக்கிட்டே வெளிய நூல் நூலா விடும். வேர் எட்டாத சந்துல இருந்தெல்லாம் சத்தும் தண்ணியும் கொண்டாந்து செடிக்குக் குடுக்கும். செடி அதுக்குக் கூலியா சர்க்கரை குடுக்கும். இது துணைக்கு இருந்தா இந்தக் கெட்ட மண்ணுலயும் செடி சாகாம நிக்கும்." உலோகத்தை என்ன செய்யும் என்று கேட்டேன். "கொஞ்சத்த வேர்லயே பிடிச்சு வச்சுக்கும். கொஞ்சத்தச் செடி மேல இழுக்கும். செடிய வேரோட பிடுங்கிட்டா அந்த அளவு மண்ணுல குறைஞ்சிரும்." குறையுமா, அழியுமா என்றேன். நீ தின்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாய். "நல்ல கேள்விம்மா. அழியாது. இலை மக்கும், தண்டு மக்கும், உலோகம் மக்காது. இடம் மட்டும்தான் மாறும்."

அந்த ஒரு வார்த்தைக்காக அன்று உன்னைப் பற்றிப் பெருமைப்பட்டேன். இடம் மாறும். நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவள் இல்லை. கோயில், அடுக்களை, வரவு செலவு நோட்டு, நூலகத்தில் கிடைக்கிற புத்தகம், இவைதான் என் படிப்பு. நீ போனபிறகு அந்தப் பூசணத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க எனக்கு அதன் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாது. பேர் எழுதின டியூப்லைட்டைக் கோயிலுக்கு மாட்டாது. மேடையில் ஏறாது. வாங்கினதற்குக் கூலி கொடுக்கும், கொடுத்ததற்குக் கூலி வாங்கும். நம் குடும்பத்து ஆண்பிள்ளைகளில் இப்படி ஒருவரை எனக்குக் காட்டு.

ஏன் செண்டுமல்லி என்று கேட்டதற்கும் பதில் வைத்திருந்தாய். "சாப்பிடுற செடியா இருக்கக் கூடாதும்மா. செண்டுமல்லிய யாரும் திங்க மாட்டாங்க, அதான்." அவ்வளவு படித்த உனக்கு மனிதர்கள் பூவைத் தின்பதில்லை என்று தெரிந்திருக்கிறது. திருச்சிராப்பள்ளியில் பூ எங்கே போகும் என்று தெரியவில்லை. தலைக்குப் போகும், வாசற்படிக்குப் போகும், புது ஸ்கூட்டருக்குப் போகும், செத்தவன் மார்புக்குப் போகும், எல்லாவற்றுக்கும் முன்னால் சாமிக்குப் போகும். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன் நீ. மண்ணை ஆராய்ச்சி செய்த நேரத்தில் ஒரு நாள் மார்க்கெட் வாசலில் நின்றிருந்தால் போதும்.

மாசி மாதம் அந்த நிலம் பூத்தது. பொய் சொல்லக் கூடாது, நானே வரப்பில் கைகூப்பி நின்றேன். ஆடு விலகிப் போகிற மண்ணில் அப்படி ஒரு மஞ்சள். "பூத்ததும் வேரோட பிடுங்கிக் கட்டி வைக்கணும், ஆள் அனுப்புறேன்" என்று நீ சொல்லியிருந்தாய். ஆள் வரவில்லை. நான் போன் போடும்போதெல்லாம் நீ மீட்டிங்கில் இருந்தாய். மாசி கடைசி ஞாயிறு வந்தது, சமயபுரத்தில் பூச்சொரிதல் தொடங்குகிற நாள். காலையில் நிலத்துக்குப் போனால், உன் சித்தப்பா தெருப் பெண்களையெல்லாம் கூட்டி வந்து பூவைப் பறித்து வண்டியில் ஏற்றி முடித்திருந்தார். மஞ்சள் வேட்டி, கழுத்தில் மாலை, நெற்றி நிறையக் குங்குமம்.

"தம்பி, எங்க எடுத்துட்டுப் போறீங்க?"

"இதென்ன கேள்வி அண்ணி? ஆத்தாளுக்குத்தான். இந்த மண்ணுல பூப்பூத்ததே அவ கருணை. முதப் பூ அவளுக்கு."

"இது மண்ணுல கெடக்குற விஷத்தக் குடிக்க விட்ட பூ தம்பி. பிடுங்கிப் பத்திரப்படுத்தணும்னு அவன் சொல்லிட்டுப் போயிருக்கான்."

"பிடுங்கிக் குப்பையில போடுறதுக்கு அம்மன் காலடியில போடலாம்ல? விஷத்தையே முழுங்கின குடும்பம் அண்ணி அது!" பெண்கள் குலவையிட்டார்கள்.

"முழுங்கினவருக்குக் கழுத்தப் பிடிக்கப் பக்கத்துல ஆள் இருந்துச்சு. இதப் பிரசாதம்னு வாங்கித் தலையில வச்சுக்கிற புள்ளைக்கு யாரு வந்து பிடிப்பா?"

"அம்மனுக்குப் போற வண்டிய மறிக்காதீங்க, நல்லதில்ல" என்று ஒருத்தி சொன்னாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவளுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. உன் சித்தப்பா எல்லாரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு உன்னைக் கூப்பிட்டார். அன்று பார்த்து நீ எடுத்தாய். நீ பேசினது எனக்கு எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது. "பூவுல அவ்வளவா ஏறாது சித்தப்பா. வேர்லதான் நிக்கும். போகட்டும் விடுங்க. வண்டிய மட்டும் ஒரு நல்ல போட்டோ எடுத்து அனுப்புங்க." நான் போனை வாங்கி, எவ்வளவுடா ஏறும் என்றேன். "கொஞ்சம்தான்மா." அளந்தியா என்றேன். "அம்மா, நான் வெளிய இருக்கேன், அப்புறம் பேசுறேன்." வண்டி கிளம்பிவிட்டது.

கொஞ்சம். இத்தனை வருஷமாக நான் வீட்டுக் கணக்கு எழுதுகிறேன். 'சுமார்' என்று ஒரு வரி எழுதினால் அந்தப் பக்கம் முழுவதும் பொய். அளந்தவன் கொஞ்சம் என்று சொன்னால் அது கணக்கு, அளக்காதவன் சொன்னால் அது வாய். நீ சொன்னது சரியாகவே இருக்கலாம். பூவுக்கு ஏறாமலே இருந்திருக்கலாம். அதைச் சோதித்துப் பார்க்கிற கருவியும் படிப்பும் உன்னிடம் இருந்தன, ஒரு பிடிப் பூவை ஆய்வுக்கு அனுப்பினால் தெரிந்திருக்கும். உனக்குப் போட்டோ போதுமாக இருந்தது.

இங்கே ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். சின்ன வயதில் உனக்குச் சளி பிடித்தால் கஷாயம் கொடுப்பேன். தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு துளசி மாடத்தைச் சுற்றுவாய். எவ்வளவு பக்தி என்று உன் அத்தை கன்னத்தைக் கிள்ளுவாள். துளசி வாடிய பிறகுதான் தெரிந்தது, சுற்றுக்கு ஒரு வாயாக அதன் வேரில் ஊற்றியிருக்கிறாய். கேட்டதற்கு, "பெருமாள் குடிச்சுட்டார்" என்றாய். நான் சிரித்தேன். தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தேன், எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள் என்று. சிரித்திருக்கக் கூடாது. நமக்கு வேண்டாததைச் சாமி பேரைச் சொல்லி வேறொரு இடத்தில் ஊற்றுவது சாமர்த்தியம் என்று அன்று உனக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தான். கற்றுக்கொண்டதை நீ மறக்கவில்லை.

வண்டி போனபிறகு நான் ஒரு பஸ் பிடித்து, டோல்கேட்டில் இறங்கி, இன்னொரு பஸ் மாறிச் சமயபுரம் போனேன். போய் என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. கூட்டத்தைக் கேட்க வேண்டுமா? வண்டி வண்டியாகப் பூ, தட்டுத் தட்டாகப் பூ, மஞ்சள் புடவைகள், வேப்பிலை, மேளம். அன்றிலிருந்து அம்மன் நமக்காகப் பச்சைப் பட்டினி கிடப்பாள். நாம்தான் சாமிக்கு விரதம் இருப்போம், இங்கே அவள் பிள்ளைகள் நோயில்லாமல் இருக்க வேண்டும் என்று சமைத்த சோறு தொடாமல், நீர்மோரும் பானகமும் துள்ளுமாவுமாக விரதம் இருக்கிறாள். அப்படி ஒருத்தி பட்டினியைத் தொடங்குகிற நாளில் நாம் கொண்டுபோய் அவள்மேல் எதைக் கொட்டினோம்? நம் ஸ்ரீரங்கத்து ரங்கநாதர் அண்ணனாக இருந்து தைப்பூசத்துக்குக் கொள்ளிடக் கரையில் அவளுக்குச் சீர் கொடுக்கிறார். அதே ஊர்க்காரர்கள் நாம். நம் வீட்டுச் சீர் குட்டியானையில் போனது.

தரிசனம் முடிந்து வெளியே வரும்போது ஒருவர் கையில் அள்ளியிருந்த பூவிலிருந்து எனக்கு ஒன்று கொடுத்தார். செண்டுமல்லி. அது நம் நிலத்துப் பூவா, வேறு எந்த ஊரிலிருந்தோ வந்த பூவா, எனக்கு எப்படித் தெரியும்? பிரசாதம் வாங்கினால் கை தானாகத் தலைக்குப் போகும், யோசித்துச் செய்கிற காரியம் இல்லை அது. அன்று கை பாதியில் நின்றது. பக்கத்தில் ஒரு தாய் அதே பூவைப் பிய்த்து இடுப்பிலிருந்த குழந்தையின் உச்சியில் வைத்தாள். குழந்தை அதை எடுத்து வாயில் வைத்தது. அவள் சிரித்துக்கொண்டே பிடுங்கிப் போட்டாள். நான் சொல்ல வாயெடுத்தேன். என்னவென்று சொல்வது? இத்தனை ஊர்ப் பூவில் எது எங்கள் பூ என்று நானே அறியேன். நான் வாங்கின பூவை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறினேன். உன் திரையில் எழுதாத வரி அதுதான். அம்மன் கொடுக்கிற பூவை உன் அம்மா சந்தேகப்படும்படி ஆக்கினாய். அன்று முதல் இன்று வரைக்கும் நான் எந்தக் கோயிலிலும் செண்டுமல்லியைத் தலையில் வைக்கவில்லை. ஒரு தடவையாவது வைக்கலாம் என்று கண்ணை மூடிப் பார்த்தேன். கை வரவில்லை.

மறுநாளே கையுறை வாங்கிக்கொண்டு போய்ச் செடிகளை வேரோடு பிடுங்கினேன். உன் சித்தப்பா வரப்பில் நின்று, "மடக்கி உழுதா நல்ல உரம் அண்ணி, இத எதுக்குப் பிடுங்குறீங்க?" என்றார். மண்ணிலிருந்து கஷ்டப்பட்டு எடுத்ததை மறுபடி மண்ணுக்கே ஊட்டுகிற யோசனை! பட்டறைக் கொட்டகையின் சிமெண்ட் தரையில் காயவைத்து, மூட்டை கட்டி அடுக்கிவிட்டு உனக்குச் சொன்னேன். எரித்தாலும் உலோகம் சாம்பலில் நிற்கும், அதனால் விஷக் கழிவுக்கென்று இருக்கிற இடத்துக்கு அனுப்ப வேண்டும், ஏற்பாடு செய்கிறேன் என்றாய். மூட்டைகள் இன்னும் கொட்டகையில் இருக்கின்றன. நீ மேடையில் இருக்கிறாய்.

இப்போது கீரைக் கம்பெனி. எத்தனையோ பயிர் இருக்க, மண்ணில் இருப்பதையெல்லாம் இலைக்கு இழுக்கிற கீரையைத் தேடிப் பிடித்திருக்கிறீர்கள். கட்டுக் கட்டாகக் கட்டி, 'ஆர்கானிக்' என்று சீட்டு ஒட்டி, இரண்டு மடங்கு விலைக்கு, பிள்ளை பெற்ற பெண்களுக்கு விற்பார்களாம். மண்ணை மறுபடி சோதித்தார்களா என்று கேட்டேன். "உங்க பையனோட ஸ்லைடு பாத்தோம்மா, சாமிக்கே போயிருக்கு, அப்புறம் என்ன?" என்றார் அந்தக் கம்பெனி மேனேஜர். ஒரு போகம் செண்டுமல்லி போட்டால் மண் சுத்தமாகிவிடும் என்றால், ஒரு தடவை காவேரியில் முங்கி எழுந்தவனெல்லாம் யோக்கியன். உன் விஞ்ஞானத்துக்கு அம்மன் சாட்சி, அம்மனுக்கு உன் விஞ்ஞானம் சாட்சி. இரண்டு பேரையும் கேட்காமல் நீங்களே கையெழுத்துப் போட்டுக்கொள்கிறீர்கள். நல்லவேளை, என் கையெழுத்து மட்டும் என்னிடம் இருக்கிறது. அது ஞாயிற்றுக்கிழமை கிடைக்காது. பட்டறைக்காரருக்குப் படிக்காமல் போட்டேன், இதைப் படித்துவிட்டேன்.

உன் பூசணத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. செடியின் மேலும் இல்லை. அவை இரண்டும் சொன்ன வேலையைச் செய்தன. மண்ணிலிருந்ததை எடுத்துத் தம் உடம்பில் வைத்துக்கொண்டு, அடுத்து யார் வாங்கிக்கொள்ளப் போகிறீர்கள் என்று நின்றன. வாங்கிக்கொள்ள வேண்டிய இடத்தில் நீ இல்லை. எடுக்கிற வரைக்கும் எல்லாரும் வருவார்கள், கைதட்டுவார்கள். எடுத்ததை வைத்துக் காப்பாற்றுவதற்கு மாலையும் கிடையாது, திரையும் கிடையாது. அதைச் செய்கிறவனைத்தான் நான் படித்தவன் என்று சொல்வேன்.

ஆனி மாதம் உன் மூட்டையில் மிச்சமிருந்த பூசணத்தைப் போட்டு மறுபடி செண்டுமல்லி நட்டேன். பூத்திருக்கிறது. வேலி அடைத்து, பூட்டுப் போட்டு, சாவியை என் இடுப்பில் வைத்திருக்கிறேன். உன் சித்தப்பா இரண்டு நாளாக ஆவணி விசேஷம், கிருஷ்ண ஜெயந்தி என்று இழுத்துக்கொண்டே வேலியோரம் நடக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நீ ஸ்ரீரங்கம் வராதே, நேரே நிலத்துக்கு வா. கோட்டு வேண்டாம். மண்ணிலிருந்து ஒரு பை, வேரிலிருந்து ஒரு பை, பூவிலிருந்து ஒரு பை எடுத்துக்கொண்டு போய் அளந்து வா. இன்னும் எத்தனை போகம் ஆகும் என்று பிறகு சொல். என் காலத்துக்குள் முடியாது என்றால் முடியாது என்றே சொல், உன் காலத்தில் முடியட்டும். மூட்டைகளை ஏற்ற வண்டி கொண்டு வா, அந்தக் குட்டியானையையே கொண்டு வந்தாலும் சரி. இந்த முறை நான் முன்சீட்டில் உட்கார்ந்து, போய்ச் சேருகிற இடம் வரைக்கும் வருவேன்.

முதல் மூட்டையை நீதான் தூக்க வேண்டும். அதன் வாயைப் பிரித்தால், காய்ந்த செடிகளுக்கு மேலே வாழையிலைத் துண்டில் மடித்த ஒற்றைப் பூ இருக்கும். சமயபுரத்தில் எனக்குக் கிடைத்தது. பிரசாதத்தைக் கொண்டுபோய் விஷ மூட்டையில் வைத்த பாவி இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அது நம் பூவாகவும் இருக்கலாம், அம்மனுடைய பூவாகவும் இருக்கலாம். அதனால் கொட்டகைக்குள் நுழைகிறபோது செருப்பை வாசலில் கழற்றி விடு. கையுறையைக் கழற்றாதே.

அம்மா